பிள்ளை பேசத் தாமதமாகிறதா? ஸ்பீச் தெரபிஸ்ட்களை அறிந்துகொள்வோம்

பேச்சாற்றலால் தமிழகத்தையே ஈர்த்த அறிஞர் அண்ணா பிறந்த ஊர் காஞ்சிபுரம். அதே ஊரின் தறி வீடுகளிலும் கடை வீடுகளிலும், இரண்டு வயது கடந்தும் பேசாத பிள்ளையைப் பார்த்து ஏங்கும் தாய்மார்கள் உண்டு. "இவன் அத்தாவும் லேட்டாகத்தான் பேசினார்" என்று பெரியவர்கள் ஆறுதல் சொல்வார்கள். அந்த ஆறுதலிலேயே பிள்ளையின் முக்கியமான வருடங்கள் கழிந்துவிடுகின்றன.

இப்படிப் பேசத் தாமதமாகும் குழந்தைகள், திக்கிப் பேசுபவர்கள், அண்ணப்பிளவோடு பிறந்தவர்கள், பக்கவாதத்தால் பேச்சை இழந்த முதியவர்கள் ஆகியோருக்குப் பயிற்சி தருபவர்களே ஸ்பீச் தெரபிஸ்ட்கள்.

இந்தத் தொழிலுக்கு அவர்களை இழுத்தது எது?

பலருக்குச் சொந்த வலிதான் காரணம். அமெரிக்காவின் சார்லஸ் வான் ரைப்பர் கடுமையாகத் திக்கிப் பேசியவர். கேலிக்கு அஞ்சி, காது கேளாத ஊமையைப் போல நடித்து ஒரு பண்ணையில் வேலை பார்த்தார். பின்னாளில் அவரே இத்துறையின் முன்னோடிகளில் ஒருவராகி, 1936இல் பேச்சுப் பயிற்சி மையம் ஒன்றைத் தொடங்கினார். அவர் காலத்து மற்றொரு முன்னோடியான வெண்டெல் ஜான்சனும் திக்கிப் பேசியவரே.

திக்குவது இழிவல்ல. தம் நாவின் முடிச்சை அவிழ்க்குமாறு மூஸா (அலை) அவர்கள் இறைவனிடம் வேண்டியதை நாம் அறிவோம். அப்படியிருக்க, திக்கும் பிள்ளையை நம் வீட்டு விசேஷங்களில் கேலி செய்வது எவ்வளவு பெரிய தவறு!

பெற்றோர் கவனிக்க வேண்டியவை

- பெயர் சொல்லி அழைத்தும் திரும்பிப் பார்க்காதது
- ஒன்றரை வயதாகியும் ஒரு சொல்கூடச் சொல்லாதது
- இரண்டு வயதாகியும் இரு சொற்களைச் சேர்த்துப் பேசாதது

இவற்றில் ஒன்று இருந்தாலும் முதலில் காதைப் பரிசோதிக்க வேண்டும். கேட்காத பிள்ளைக்குப் பேச்சு தானாக வராது. நெருங்கிய உறவில் திருமணம் செய்த குடும்பங்களில் பிறவிச் செவித்திறன் குறைபாட்டுக்கு வாய்ப்பு அதிகம் என்பதால், அவர்கள் கூடுதல் கவனத்தோடு இருப்பது நல்லது.

தகுதியுள்ள குழந்தைகளுக்கு, ஆறு வயதுக்குள், முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் இம்ப்ளான்ட் அறுவை சிகிச்சை செய்யப்படுகிறது. ஆனால் கருவி பொருத்திய மறுநாளே பிள்ளை பேசிவிடாது. ஒலியைக் கேட்டுப் புரிந்துகொள்ளவும் பேசவும் மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் பயிற்சி வேண்டும். வாரத்தில் ஓரிரு மணி நேரம் தெரபிஸ்ட் கற்றுத் தருவதை மற்ற நாட்களில் தொடர வேண்டியது வீட்டார்தான். சமைக்கும்போதும் குளிப்பாட்டும்போதும் பிள்ளையோடு பேசிக்கொண்டே இருப்பதும் பயிற்சிதான்.

நம் பிள்ளைகளும் படிக்கலாம்

ப்ளஸ் டூவில் அறிவியல் பாடம் எடுத்தவர்கள் பி.ஏ.எஸ்.எல்.பி. படிப்பில் சேரலாம். பயிற்சிக் காலத்தையும் சேர்த்து நான்கு ஆண்டுகள். முடித்தபின் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும். 1965இல் தொடங்கப்பட்ட மைசூர் அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனம் இத்துறையில் பெயர் பெற்றது. காஞ்சிபுரத்திலிருந்து சென்னை செல்லும் வழியில், போரூர் ஸ்ரீ ராமச்சந்திராவிலும் இப்படிப்பு உண்டு.

வீட்டில் பேசும் மொழியில் பயிற்சி தந்தால்தான் பிள்ளைக்கும் தாய்க்கும் எளிது. தமிழும் உருதுவும் புழங்கும் நம் வீடுகளுக்கு, இரண்டும் தெரிந்த தெரபிஸ்ட்கள் தேவை. அவர்கள் நம் வீடுகளிலிருந்தே வர வேண்டும். ப்ளஸ் டூ முடிக்கும் உங்கள் மகளிடமோ மகனிடமோ இப்படிப்பைப் பற்றி இன்றே பேசுங்கள்.