‘ஹிம்’: மண்டை ஓட்டுக்குள் நடக்கும் ஆட்டம்

2025 செப்டம்பரில் வெளியான ‘ஹிம்’, அமெரிக்கக் கால்பந்து உலகில் நடக்கும் திகில் படம். இயக்கியவர் ஜஸ்டின் டிப்பிங். தயாரித்தது, ‘கெட் அவுட்’ எடுத்த ஜோர்டன் பீலின் மங்கிபா நிறுவனம். பெயரில் கால் இருந்தாலும் இந்த ஆட்டத்தில் முட்டை வடிவப் பந்து பெரும்பாலும் கையில்தான் இருக்கும். பந்தோடு ஓடுபவரை முழு வேகத்தில் மோதிக் கீழே தள்ளுவது குற்றமல்ல, ஆட்டமே அதுதான். பந்தை எறிந்து அணியை நடத்துபவர் குவார்ட்டர்பேக். புகழும் பணமும் அவருக்கே அதிகம்.

படத்தின் நாயகன் கேமரன் கேட், தொழில்முறை ஆட்டத்தில் நுழையவிருக்கும் இளம் குவார்ட்டர்பேக். ஓர் இரவு, விசித்திர வேடமிட்ட ஒருவன் அவன் தலையில் அடித்துவிடுகிறான். காயம்பட்ட மூளைக்கு ஓய்வு தேவை. அந்த நேரம் பார்த்து, சிறுவயது முதல் அவன் வழிபட்டு வந்த நட்சத்திரம் ஐசயா ஒயிட், பாலைவனத்து மாளிகையில் ஒரு வாரம் பயிற்சி தருவதாக அழைக்கிறார். அங்கே கேமரன் எறிந்த பந்து குறி தவறினால் தண்டனை அவனுக்கல்ல. இயந்திரம் இன்னொருவன் முகத்தை நோக்கிப் பந்தை வீசுகிறது. மருத்துவர் ஊசி போடுகிறார், என்ன மருந்து என்று சொல்வதில்லை. மோதல்களின்போது எக்ஸ்ரே போன்ற காட்சியில் உடல் எலும்பும் சதையுமாகத் தெரிகிறது. படத்தில் நெஞ்சைப் பிசையும் இடம் இதுதான்.

காரணம், இந்த அச்சம் கற்பனையல்ல. பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணியின் முன்னாள் வீரர் மைக் வெப்ஸ்டர் 2002இல் 50 வயதில் இறந்தார். கடைசி ஆண்டுகளில் நினைவும் நிதானமும் குலைந்திருந்தவர் அவர். நைஜீரியாவில் பிறந்த நோய்க்குறியியல் மருத்துவர் பென்னெட் ஒமலு அவரது மூளையை ஆராய்ந்து, தலையில் திரும்பத் திரும்ப அடிபடுவதால் வரும் சி.டி.இ. என்ற சிதைவு நோயைக் கண்டார். 2005இல் ஆய்வை வெளியிட்டார். அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல். தரப்பு மருத்துவர்கள் அதைத் திரும்பப் பெறச் சொன்னார்கள். 2017இல் பாஸ்டன் பல்கலைக்கழகக் குழு, என்.எஃப்.எல்.லில் ஆடிய 111 பேரின் மூளைகளை ஆராய்ந்தது. 110இல் நோய் இருந்தது. அறிகுறி கண்டு சந்தேகப்பட்ட குடும்பங்களே பெரும்பாலும் மூளையைக் கொடுத்திருக்கக்கூடும் என்பதால், எல்லா வீரர்களுக்கும் இதே விகிதம் என்று கொள்ள முடியாது. இறந்த பின்னர்தான் நோயை உறுதிசெய்ய முடியும் என்பது இன்னொரு கொடுமை.

படம் நிறத்தையும் தொடுகிறது. என்.எஃப்.எல். வீரர்களில் பாதிக்கு மேற்பட்டோர் கறுப்பினத்தவர். அணி முதலாளிகள் ஏறக்குறைய எல்லாருமே வெள்ளையர்கள். புதிய வீரர்களின் உயரம், எடை, கையளவுவரை அளந்து பார்க்கும் வழக்கம் நிஜத்திலும் உண்டு. படத்தில் அந்த அளவெடுப்பு சந்தை மாட்டைப் பல் பிடித்துப் பார்ப்பதுபோல் இருக்கிறது.

இவ்வளவு கையில் இருந்தும் பிற்பாதியில் படம் சறுக்குகிறது. ஐசயா ஆடும் அணியின் பெயரே ‘சேவியர்ஸ்’, அதாவது மீட்பர்கள். போதாததற்குச் சிலுவைக் குறியீடுகள், சாத்தானியச் சடங்கு, ரத்தக் குளியல். மூளைக்காயத்தைவிடப் பெரிய பிசாசு தேவையில்லை என்பது இயக்குநருக்குத் தோன்றவில்லை போலும். விமர்சகர்கள் பலரும் கைவிட்டார்கள், சுமார் 2.7 கோடி டாலரில் எடுத்த படத்தின் உலக வசூலும் அந்தத் தொகையை ஒட்டியே நின்றது. ‘ஸ்கேரி மூவி’யில் பேய்ப்படங்களைக் கேலி செய்து சிரிக்கவைத்த மார்லன் வேயன்ஸ் ஐசயாவாகக் காட்டும் மிரட்டலுக்கு மட்டும் பாராட்டு கிடைத்தது. கேமரனாக நடித்த டைரிக் விதர்ஸ், புளோரிடா மாநிலப் பல்கலைக்கழக அணியில் இருந்தவர் என்பதால் களக்காட்சிகளில் பொய் தெரியவில்லை.