வீட்டின் சத்தமும் படத்தில் நடிக்கும்

படம் கொஞ்சம் இருட்டாக இருந்தாலும் பார்ப்பவர்கள் பொறுத்துக்கொள்வார்கள். வசனம் தெளிவாகக் கேட்காவிட்டால் இரண்டாவது நிமிடமே கைப்பேசியை எடுத்துவிடுவார்கள். ஆனாலும் மாணவர் குறும்படங்களில் பணமும் நேரமும் பெரும்பாலும் கேமராவுக்கே போகின்றன. ஒலிக்கு மிஞ்சுவது கடைசி இரண்டு இரவுகள்தான்.

பலதுறைத் தொழிற்கல்லூரி இறுதியாண்டில் நாங்கள் ஐவர் எடுத்த 10 நிமிடத் தமிழ்க் குறும்படத்துக்குப் படத்தொகுப்பும் ஒலி வடிவமைப்பும் என் பொறுப்பு. கதை எளிது. 40 ஆண்டுகள் வாழ்ந்த மூவறை வீவக வீட்டைக் காலிசெய்துவிட்டு மகன் வீட்டுக்குப் போகிறார் ஒரு பாட்டி. நடித்தவர் இயக்குநரின் சொந்தப் பாட்டி. வீடும் அவருடையதே. அதை விற்றாகிவிட்டது, படப்பிடிப்பு முடிந்த மறுவாரம் சாவியை ஒப்படைக்க வேண்டும். ஏதாவது விட்டுப்போனால் திரும்பிப் போய் எடுக்க வழியில்லை.

அதனால் ஒவ்வோர் அறையிலும் வேலை முடிந்ததும் எல்லாரும் அசையாமல் நிற்க, 1 நிமிடம் வெறும் அறையைப் பதிவுசெய்தோம். எந்த அறையும் முழு அமைதியாக இருப்பதில்லை. இரண்டு வசனங்களை வெட்டி ஒட்டும்போது இடையில் ஒலியே இல்லாவிட்டால் காது அதை உடனே கண்டுபிடித்துவிடும். அந்த இடைவெளியை நிரப்புவது இந்த 1 நிமிடம்தான்.

வசனம் எடுக்கும்போது குளிர்பதனப் பெட்டியை நிறுத்திவிடுவோம். அதை மறுபடி போட மறக்காமலிருக்க ஒலிப்பதிவாளர்களிடம் ஒரு பழைய உத்தி உண்டு: வீட்டுச் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிடுவார்கள். சாவியில்லாமல் யாரும் வீடு திரும்ப முடியாதே! மின்விசிறியையும் நிறுத்திவிட்டு, அதன் சத்தத்தைப் பின்னர் தனியாகப் பதிவுசெய்துகொண்டோம்.

படத்தொகுப்பில் எனக்கு வழிகாட்டியவர் வால்ட்டர் மர்ச். 1979ல் வெளிவந்த ‘அபோகலிப்ஸ் நவ்’ படத்தின் ஒலிக்காக ஆஸ்கர் பெற்றவர்களில் ஒருவர். ஒரு காட்சியை எங்கே வெட்டுவது என்பதற்கு ஆறு அளவுகோல்களைச் சொன்ன அவர், உணர்ச்சிக்கு மட்டும் 51 விழுக்காடு கொடுத்தார். பாட்டி புடவை மடிக்கும் காட்சியில் வெளிச்சம் சரியாக இருந்த பதிவை விட்டுவிட்டு, அவர் கை ஒரு கணம் தயங்கிய பதிவை நான் எடுத்துக்கொண்டது அதனால்தான்.

அதன்பின் ஒலி. குக்கர் விசில் முதலில் கேட்கும். குசினி பிறகுதான் திரையில் வரும். ஒலியை ஒரு வினாடி முந்தவிட்டால் வெட்டு கண்ணில் உறுத்தாது. புடவையின் சரசரப்பையும், பெட்டிக்கு நாடா ஒட்டும் சத்தத்தையும் என் அறையில் போர்வைகளைத் தொங்கவிட்டு, திரையைப் பார்த்துக்கொண்டே மறுபடி உண்டாக்கினேன். இந்தக் கலைக்கு ஹாலிவுட்டின் ஜாக் ஃபோலி பெயரையே வைத்திருக்கிறார்கள்.

சண்டை வந்தது அந்தப் புடவைக் காட்சியில். 40 வினாடிக்கு ஒரு வசனமும் இல்லை. “மியூசிக் போடலன்னா எல்லாருக்கும் போரடிச்சிரும்டா,” என்றான் இயக்குநர். விசிறிச் சத்தம் மட்டும் போதும் என்றேன் நான். படம் அவனுடையது, பாட்டியும் அவனுடையவர். அடம்பிடிக்க எனக்கு உரிமையில்லை. வீணையோடு ஒன்று, விசிறியோடு ஒன்று என இரண்டையும் செய்து, மகன் வீட்டுக்குக் குடிபோய்விட்ட பாட்டியிடமே போட்டுக் காட்டினோம்.

முதலாவதைப் பார்த்து, “நல்லாருக்குய்யா,” என்றார். இரண்டாவது ஓடியபோது பேசவில்லை. முடிந்ததும் கேட்டார்: “இது நம்ம ஹால் ஃபேன்தானே? ஒங்க தாத்தா இருந்தப்பவே டொக்கு டொக்குன்னுதான் சுத்தும்.”

படத்தில் அந்த விசிறி ஒரு முறைகூடத் தெரியாது. வீணையை எடுத்துவிடச் சொன்னவன் இயக்குநர்தான்.

குறும்படம் எடுக்கத் திட்டமிடும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்வேன். அட்டவணையில் ஒலிக்கென்று ஒரு வாரம் ஒதுக்குங்கள். இசையைத் தேடுவதற்குமுன், படமெடுத்த இடம் ஏற்கெனவே என்ன சொல்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.