பெயிண்ட் உரிஞ்சா லேப்டாப் வீணாப் போச்சா?



கம்பம் பக்கத்தில் ஒரு கிராமத்துக்குக் குழுக் கூட்டத்துக்காகப் போயிருந்தோம். சேமிப்பு வசூல் முடிந்து கடன் கோரிக்கைகளை எடுத்தபோது ஒரு அக்கா 30,000 ரூபாய் உள்கடன் கேட்டார். எதற்கு என்று கேட்டோம்.

"மகளுக்குப் புது லேப்டாப் வாங்கணும் மேடம். பள்ளிக்கூடத்துல குடுத்தது வீணாப் போச்சு. மேல் பெயிண்ட் எல்லாம் உரிஞ்சு கெடக்கு. காயலான் கடைக்காரரு 300 ரூபாய்க்குக் கேட்ருக்காரு."

"ஆன் பண்ணிப் பாத்தீங்களாக்கா?"

"மேலயே இம்புட்டு மோசமா இருக்கு. உள்ள மட்டும் நல்லாவா இருக்கும்?"

எடுத்து வரச் சொன்னோம். துண்டில் சுற்றிக் கொண்டு வந்தார். மூடியில் பேனா மை கொட்டிவிட்டதாம். பெயிண்ட் வேலைக்குப் போகிற அவர் தம்பி தின்னர் ஊற்றித் துடைத்திருக்கிறார். மையோடு சேர்ந்து மேல் பூச்சும் போய்விட்டது. சார்ஜரை மாட்டி ஆன் செய்தோம். கொஞ்ச நேரத்தில் திரை வந்துவிட்டது. மகளின் பாடங்கள் எல்லாம் அப்படியே இருந்தன.

நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி என்று வைத்தாலும் 30,000 ரூபாய்க்கு முதல் மாத வட்டியே 300 ரூபாய். காயலான் கடையில் கிடைப்பதும் அதே 300 ரூபாய்தான். வெறும் பெயிண்டுக்காக அந்த அக்கா கடனாளி ஆக இருந்தார். அதனால்தான் இந்த மாதம் இதைப் பற்றி எழுதுகிறோம்.

நம் வீட்டுக்கு வந்த லேப்டாப்

தமிழக அரசு 2011 செப்டம்பர் 15 அன்று விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. எல்காட் நிறுவனம் மூலம் வாங்கி, அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளி மாணவ மாணவியருக்குக் கொடுத்தார்கள். அப்படி வந்த லேப்டாப்புகள் இன்றும் நம் உறுப்பினர்கள் வீடுகளில் இருக்கின்றன. 2025 மார்ச் மாத பட்ஜெட்டில் கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்குக் கைக்கணினி அல்லது மடிக்கணினி என்று அறிவித்தார்கள். எனவே பராமரிப்பைத் தெரிந்துகொள்வது நமக்கு அவசியம்.

மேல் பூச்சு என்பது என்ன?

பெரும்பாலான லேப்டாப்பின் உடல் பிளாஸ்டிக். அதன்மேல் நிறப் பூச்சும், அதற்கும் மேலே கண்ணாடி போன்ற பாதுகாப்புப் பூச்சும் அடிப்பார்கள். எல்லாம் சேர்த்தாலும் தலைமுடி கனத்துக்குக் கிட்டத்தட்டத்தான் வரும்.

இந்தப் பூச்சு எவ்வளவு தாங்கும் என்று தொழிற்சாலையில் சோதிக்க நமக்குத் தெரிந்த பொருட்களைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஒன்று பென்சில். மென்மையான பென்சிலில் தொடங்கிக் கடினமான பென்சில் வரை கீறி, எதில் கோடு விழுகிறது என்று பார்க்கிறார்கள். இன்னொன்று ஒட்டும் டேப். பூச்சைக் கட்டம் கட்டமாகக் கீறி, டேப்பை ஒட்டி இழுத்து, எத்தனை கட்டம் பெயர்ந்து வருகிறது என்று பார்க்கிறார்கள்.

சில லேப்டாப் தொட்டால் ரப்பர் மாதிரி மெத்தென்று இருக்கும். இந்த வகைப் பூச்சு காற்றிலுள்ள ஈரத்தால் சில வருடங்களில் சிதைந்து பிசுபிசுக்கும். நாம் கெடுத்தோம் என்று நினைக்க வேண்டாம். பூச்சின் குணமே அப்படி. அலுமினிய உடல் என்றால் அதில் பெரும்பாலும் பெயிண்ட் இருக்காது. உலோகத்தின் மேற்பரப்பையே பதப்படுத்தி நிறம் ஏற்றியிருப்பார்கள். அது உரியாது, ஆனால் கீறல் விழும்.

பூச்சைக் கெடுப்பவை

1. வியர்வையும் எண்ணெயும்: வியர்வையில் உப்பு இருக்கிறது. தலைக்குத் தேய்த்த எண்ணெயும் கையில் ஒட்டியிருக்கும். இரண்டும் தினமும் படிவதால் உள்ளங்கை வைக்கும் இடம்தான் முதலில் தேய்கிறது.

2. வளையலும் மோதிரமும்: தட்டச்சு செய்யும்போது வளையல் அதே இடத்தில் உரசும். கழற்றி வைக்கலாம், இல்லையென்றால் முழங்கைப் பக்கம் ஏற்றிவிடலாம்.

3. தின்னர், பெட்ரோல், மண்ணெண்ணெய், நகப்பூச்சு நீக்கி: இவற்றை லேப்டாப் பக்கமே கொண்டுபோக வேண்டாம். சில வகை பிளாஸ்டிக்கையே கரைத்துவிடும்.

4. பாத்திரம் தேய்க்கும் பவுடர், சாம்பல், பல்பசை: இவற்றிலுள்ள நறநறப்பான தூள் பூச்சை அராவிவிடும்.

5. வெயிலும் ஈரமும்: தகரக் கூரைக்கு அடியிலும், அடுப்புப் பக்கமும், சாரல் அடிக்கும் ஜன்னல் ஓரமும் வைக்க வேண்டாம்.

6. மெத்தென்ற பிளாஸ்டிக் கவர்: மேஜைக்கு விரிக்கிற வழவழப்பான விரிப்பிலும் ரெக்சின் பையிலும் மாதக்கணக்கில் வைத்தால் ஒட்டிக்கொண்டு பூச்சைக் கெடுக்கும். பருத்தித் துணிப் பையே நல்லது.

நாங்களும் தவறு செய்தோம். 2020-இல் கொரோனா நேரத்தில் எங்கள் அலுவலக லேப்டாப்பைத் தினமும் சானிடைசர் ஊற்றித் துடைத்தோம். சில மாதங்களில் பளபளப்பு போய், கை வைக்கும் இடம் திட்டுத்திட்டாக வெளுத்துவிட்டது. சானிடைசர் கைக்குத்தான்.

எப்படித் துடைப்பது?

லேப்டாப்பை ஆஃப் செய்து சார்ஜரைக் கழற்றுங்கள். பழைய பருத்தி வேட்டித் துணி போதும். முதலில் உலர்ந்த துணியால் தூசியைத் தட்டிவிடுங்கள். தூசியோடு அழுத்தித் தேய்த்தால் கீறல் விழும். பிறகு துணியைத் தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்து துடையுங்கள். பிசுக்கு இருந்தால் ஒரு டம்ளர் தண்ணீருக்கு ஒரு சொட்டு ஷாம்பு விடலாம். உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். எதையும் நேரடியாக லேப்டாப் மேல் ஊற்றவோ தெளிக்கவோ கூடாது. வாரம் ஒருமுறை செய்தால் போதும்.

ஆயுத பூஜைக்கு மூடியில் சந்தனமும் குங்குமமும் வைக்கிறோம். கறை பிடித்த பிறகு சுரண்டுகிறோம். அதற்குப் பதில் சின்னத் தாளில் பொட்டு வைத்து, தாளை மேலே வைத்து எடுத்துவிடலாமே!

ஏற்கெனவே கெட்டுவிட்டதா?

பெயிண்ட் உரிந்திருந்தால் பிளேடால் சுரண்டாதீர்கள். வீட்டில் ஸ்பிரே பெயிண்ட் அடிக்கவும் வேண்டாம். காற்றோட்டத் துளையிலும் இணைப்புத் துளையிலும் பெயிண்ட் போய்விடும். கடையில் லேப்டாப் மேல் ஒட்டுகிற தாள் கிடைக்கும். துளைகளை மறைக்காமல் அதை வெட்டி ஒட்டினால் போதும். ரப்பர் பூச்சு பிசுபிசுத்தால் பழுது பார்க்கும் கடையில் கொடுங்கள். அந்தப் பூச்சை மட்டும் எடுத்துவிடலாம். நிறம் மாறும், ஆனால் வேலை மாறாது.

ஒன்றை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். லேப்டாப்பின் அடிப்பக்கமோ நடுப்பகுதியோ உப்பித் தூக்கியிருந்தால் அது பெயிண்ட் பிரச்சினை இல்லை. உள்ளே பேட்டரி வீங்கியிருக்கலாம், தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. உடனே ஆஃப் செய்யுங்கள், சார்ஜ் போடாதீர்கள், அழுத்தாதீர்கள், கடையில் காட்டுங்கள். பெயிண்ட் உரிஞ்சா பயமில்லை, உடம்பு உப்புனாத்தான் பயம்!

அந்த அக்கா கடன் கோரிக்கையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். மூடிக்கு ஒட்டுத்தாள் வாங்கி ஒட்டியிருக்கிறார். மகள் அதே லேப்டாப்பில்தான் படிக்கிறாள்.

அடுத்த கூட்டத்தில் இதைப் படித்துக் காட்டுங்கள். யாராவது லேப்டாப்புக்காகக் கடன் கேட்டால், "பழசை ஆன் பண்ணிப் பாத்தீங்களா?" என்று முதலில் கேளுங்கள்.