குழந்தைப் பருவத்தில் புற்றுநோயை வென்றவர்களுக்கு இதயப் பரிசோதனை ஏன் அவசியம்?

ஐந்து வயதில் ரத்தப் புற்றுநோய் வந்து குணமானவர். இப்போது 28 வயது, ஐடி வேலை. கொஞ்ச நாளாக மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. “உட்கார்ந்தே வேலை பார்த்தா அப்படித்தான்” என்கிறார்கள் வீட்டில். மற்றவர்கள் விஷயத்தில் அது சரியாகவும் இருக்கலாம். இவர் அப்படி விட்டுவிட முடியாது.

காரணம், அன்று உயிரைக் காப்பாற்றிய அதே மருந்துதான். டாக்சோரூபிசின், டானோரூபிசின் போன்ற ஆந்த்ராசைக்ளின் மருந்துகள் (டிரிப்ஸில் ஏறும் அந்தச் சிவப்பு மருந்தைப் பல பெற்றோர் மறந்திருக்க மாட்டார்கள்) இதயத் தசைச் செல்களையும் பாதிக்கும். அழிந்த செல்களுக்குப் பதிலாகப் புதியவை உருவாவது மிகக் குறைவு. குழந்தை வளர வளர, மிச்சமிருக்கும் செல்களை வைத்தே முழு உடம்புக்கும் இதயம் உழைக்க வேண்டும். பல வருடங்கள் சத்தமில்லாமல் சமாளிக்கும்.

மார்பில் கொடுக்கப்படும் கதிர்வீச்சு வேறு விதம். அது இதய ரத்தக் குழாய்களின் உட்சுவரைப் பாதித்து அடைப்புக்கு வழிவகுக்கும், வால்வுகளையும் இறுக்கும்.

அமெரிக்கா, கனடாவில் 14,000-க்கும் மேற்பட்டவர்களை அவர்களின் உடன்பிறந்தவர்களோடு ஒப்பிட்ட ஆய்வு 2009-இல் வெளியானது. புற்றுநோயிலிருந்து மீண்டவர்களுக்கு இதயச் செயலிழப்பு ஆபத்து ஏறக்குறைய 6 மடங்கு, மாரடைப்பு ஆபத்து 5 மடங்கு இருந்தது. எல்லோருக்கும் வரும் என்று அர்த்தமில்லை. இள வயதில் இவை அபூர்வம்தான். ஆனால் பி.பி. சேர்ந்துகொண்டால் ஆபத்து பல மடங்கு எகிறும். நல்ல செய்தி, பி.பி. நம் கட்டுப்பாட்டில் வைக்கக்கூடியது.

யாருக்கு அதிக ஆபத்து?

சதுர மீட்டர் உடல் பரப்புக்கு மொத்தம் 250 மில்லிகிராமோ அதற்கு மேலோ ஆந்த்ராசைக்ளின் ஏறியவர்கள், மார்பில் 30 கிரே அல்லது அதற்கு மேல் கதிர்வீச்சு பெற்றவர்கள். இவர்கள் 2 ஆண்டுக்கு ஒருமுறை எக்கோ எடுக்க வேண்டும் என்கின்றன சர்வதேச வழிகாட்டுதல்கள். வழக்கமான ஹெல்த் செக்கப்பில் எடுக்கும் இ.சி.ஜி. மட்டும் போதாது; தசை பலவீனமாக இருந்தாலும் அது நார்மல் என்று வரலாம்.

சிக்கல் எங்கே என்றால், பலருக்குத் தங்கள் டோஸ் எவ்வளவு என்றே தெரியாது. கல்யாணப் பேச்சு வரும்போது பழைய ஃபைல் பரணுக்குப் போய்விடுகிறது. சில வீடுகளில் பிள்ளையிடமே நோயின் பெயரைச் சொல்வதில்லை. பெற்றோரின் பயம் புரிகிறது. ஆனால் டாக்டருக்குத் தேவை அந்த ஃபைல்தான். கிடைக்காவிட்டால், சிகிச்சை நடந்த மருத்துவமனையின் ஆவணப் பிரிவில் கேட்கலாம்: என்ன மருந்து, மொத்த டோஸ், கதிர்வீச்சு எந்த இடத்தில், எவ்வளவு.

பெண்கள் கர்ப்பத்துக்குத் திட்டமிடும்போதே இந்த விவரங்களோடு டாக்டரைப் பார்ப்பது நல்லது. கர்ப்ப காலத்தில் ரத்த ஓட்டம் கூடும். அதுவரை சமாளித்து வந்த இதயம் அப்போது திணறக்கூடும்.