இனிப்புக்குப் பின் முதல் வேளை

சோற்றையும் இட்லியையும் சர்க்கரையையும் மாதக்கணக்கில் விட்டுவிட்டு, முட்டை, மீன், கோழி, பன்னீர், கீரை என்று சாப்பிட்டுப் பத்துக் கிலோவுக்கு மேல் குறைத்தவர்கள் இன்று தமிழ்நாட்டின் எல்லா ஊர்களிலும் இருக்கிறார்கள். ஒருவர் இதைப் பேலியோ என்பார், இன்னொருவர் கீட்டோ என்பார், லோ கார்ப் என்பவரும் உண்டு. மாவுச்சத்தை நாளொன்றுக்கு 50 கிராமுக்குள் நிறுத்துவதுதான் பெரும்பாலும் இவர்களுடைய கணக்கு. தீபாவளியோ வீட்டில் ஒரு வளைகாப்போ வருகிறது. ஒரு துண்டு மைசூர்பாகு என்று தொடங்கியது இரவுக்குள் அரைப் பெட்டி ஆகிவிடுகிறது. மறுநாள் பூரி, அதற்கு மறுநாள் குலாப் ஜாமூன். நான்காம் நாள் எடை பார்த்தால் மூன்று கிலோ கூடியிருக்கிறது. "எல்லாம் போச்சு, இனி பொங்கல் கழிந்து பார்த்துக்கொள்வோம்" என்று அப்படியே விட்டுவிடுகிறவர்கள் ஏராளம்.

அந்த மூன்று கிலோ என்ன என்று தெரிந்திருந்தால் பாதிப் பேர் விட்டிருக்க மாட்டார்கள். அதில் பெரும்பகுதி தண்ணீர்.

நாம் உண்ணும் மாவுச்சத்தில் உடனடித் தேவைக்குப் போக மிஞ்சுவதை உடல் கிளைகோஜன் என்ற வடிவில் சேமிக்கிறது. கல்லீரலில் சுமார் 100 கிராம், தசைகளில் சுமார் 400 கிராம் இருக்கும். ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் ஏறத்தாழ 3 கிராம் நீரைத் தன்னோடு பிடித்துவைக்கும். மாவுச்சத்தைக் குறைத்தவருக்கு இந்தக் கையிருப்பு பெருமளவு காலியாக இருக்கும்; இனிப்பு வந்ததும் முதலில் நிரம்புவது அதுதான். கிளைகோஜனும் அதன் நீருமே இரண்டு கிலோவை நெருங்கிவிடும். இன்சுலின் உயரும்போது சிறுநீரகம் சோடியத்தையும் வெளியே விடாமல் தக்கவைப்பதால் அந்த உப்போடு இன்னும் கொஞ்சம் நீர் சேர்கிறது. ஒரு கிலோ உடல் கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி அடங்கியிருக்கிறது. மூன்று கிலோ கொழுப்பு ஏற வேண்டுமானால் அன்றாடத் தேவைக்கு மேல் 23,000 கலோரி சாப்பிட்டிருக்க வேண்டும். எந்தப் பண்டிகையிலும் யாரும் மூன்று நாளில் அவ்வளவு சாப்பிடுவதில்லை.

இதை நேரடியாகச் சோதித்த ஓர் ஆய்வு உண்டு. கெவின் ஏச்சசனும் அவருடைய சுவிட்சர்லாந்துக் குழுவினரும் 1988இல் வெளியிட்டது. மூன்று ஆண்களுக்கு முதலில் மாவுச்சத்து மிகக் குறைந்த உணவும் உடற்பயிற்சியும் கொடுத்துக் கிளைகோஜனைக் காலி செய்தார்கள். பிறகு ஏழு நாள் மாவுச்சத்தை அள்ளி அள்ளிக் கொடுத்தார்கள். நம் பேலியோக்காரரின் தீபாவளி வாரத்தை ஆய்வுக்கூடத்தில் நடத்திப் பார்த்ததைப் போலத்தான் இதைப் படிக்கும்போது எனக்குத் தோன்றும். சுமார் 500 கிராம் கிளைகோஜன் சேரும் வரை மாவுச்சத்திலிருந்து நிகரமாகக் கொழுப்பு உருவாகவில்லை. கையிருப்பு நிரம்பி வழிந்த பிறகுதான் உடல் நாளுக்கு 150 கிராம் வரை கொழுப்பு தயாரிக்கத் தொடங்கியது. முதல் ஓரிரு நாள் மீறல் மன்னிக்கப்படுகிறது, வாரக்கணக்கில் நீள்வது மன்னிக்கப்படுவதில்லை என்று இதைப் புரிந்துகொள்ளலாம். ஆனால் நம் இனிப்புகளில் சர்க்கரையோடு நெய்யும் இருக்கிறது. உடல் சர்க்கரையை எரித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் வந்து சேரும் நெய் எரியாமல் நேரே கொழுப்புக் கிடங்குக்குப் போகும். ஆகவே கொழுப்பு கொஞ்சமும் ஏறவில்லை என்று சொல்ல முடியாது. சில நூறு கிராம் ஏறியிருக்கலாம்.

அந்த நாட்களில் குளுக்கோமீட்டரில் பார்த்தவர்களுக்கு இன்னொரு அதிர்ச்சி இருக்கும். முன்பு சோறு சாப்பிட்ட காலத்தில்கூட ஏறாத அளவுக்குச் சர்க்கரை ஏறியிருக்கும். லண்டன் மருத்துவர் ஹரால்ட் ஹிம்ஸ்வர்த் 1930களிலேயே இதைக் காட்டிவிட்டார்: ஆரோக்கியமானவர்கள்கூட மாவுச்சத்தைக் குறைத்துச் சில நாள் இருந்துவிட்டுக் குளுக்கோஸ் குடித்தால் அவர்களுடைய ரத்தச் சர்க்கரை வழக்கத்தைவிட மேலே போகும். கொழுப்பை எரித்துப் பழகிய தசைகள் குளுக்கோஸை உள்ளே வாங்கிக்கொள்ளத் தயங்குவது இதற்கு ஒரு காரணம். குளுக்கோஸ் கொடுத்துச் செய்யும் பரிசோதனைக்கு முன் மூன்று நாளாவது தினம் 150 கிராமுக்குக் குறையாமல் மாவுச்சத்து சாப்பிட்டிருக்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான். அந்த ஒரு எண்ணை வைத்து, நோய் முற்றிவிட்டது என்று அழ வேண்டியதில்லை.

ஆனால் இதை ஒன்றுமில்லை என்று தள்ளிவிடவும் முடியாது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகம் 2019இல் வெளியிட்ட ஒரு சிறிய ஆய்வில் ஒன்பது இளைஞர்கள் ஏழு நாள் கொழுப்பு மிகுந்த, மாவுச்சத்து குறைந்த உணவில் இருந்துவிட்டு 75 கிராம் குளுக்கோஸ் குடித்தார்கள். சர்க்கரை எகிறிய அந்த நேரத்தில் ரத்தக்குழாயின் உட்சுவர்ச் செல்கள் அடிபட்டதைக் காட்டும் நுண்துகள்கள் அவர்கள் ரத்தத்தில் கூடியிருந்தன. ஒன்பது பேரை வைத்துப் பெரிய முடிவுக்கு வரக் கூடாது. என்றாலும், வாரம் ஆறு நாள் கடும் கட்டுப்பாடு, ஞாயிற்றுக்கிழமை இஷ்டப்படி சாப்பிடும் 'சீட் டே' என்று அட்டவணை போட்டு வாழ்வதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

சரி, ஒரு துண்டு ஏன் அரைப் பெட்டி ஆகிறது? நாக்கை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சார்லஸ் சூக்கரின் ஆய்வகம் இனிப்பை உணரும் திறனே இல்லாத எலிகளை வைத்து ஆராய்ந்தது. சில நாளில் அவையும் சர்க்கரை நீரையே தேடிப் போயின. குடல் சுவரில் உள்ள செல்கள் குளுக்கோஸை உணர்ந்து வேகஸ் நரம்பின் வழியே மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன என்று 2020இல் அந்தக் குழு அறிவித்தது. செயற்கை இனிப்பு இந்தப் பாதையைத் தூண்டுவதில்லை. சுகர்ஃப்ரீ போட்ட காபி ஏக்கத்தைத் தீர்க்காமல் போவதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

நெய்யும் சர்க்கரையும் சேரும்போது நிலைமை இன்னும் கடினம். 2018இல் யேல் பல்கலைக்கழகத்தின் டானா ஸ்மால் குழுவினர் கொழுப்பு மிகுந்தவை, மாவுச்சத்து மிகுந்தவை, இரண்டும் கலந்தவை என மூன்று வகைத் தின்பண்டங்களின் படங்களைக் காட்டி, எதற்கு எவ்வளவு காசு கொடுப்பீர்கள் என்று கேட்டார்கள். கலோரி ஒன்றாக இருந்தும், இரண்டும் கலந்ததற்குத்தான் அதிகம் கொடுக்க முன்வந்தார்கள். மூளையில் இன்பத்தை மதிப்பிடும் பகுதியும் அதற்கே பலமாகத் துடித்தது. இயற்கையில் இவை இரண்டும் ஒருசேர மிகுந்திருக்கும் உணவு தாய்ப்பாலைத் தவிர அரிது. மைசூர்பாகு, அதிரசம், பாதாம் அல்வா எல்லாம் இந்த வகையைச் சேர்ந்தவை.

இப்படிச் சொன்னதும், சர்க்கரை ஒரு போதை என்ற முடிவுக்குப் பலர் தாவிவிடுகிறார்கள். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் பார்ட் ஹீபலும் நிகோல் அவீனாவும் செய்த எலி ஆய்வுகளை அதற்குச் சான்றாகக் காட்டுவார்கள். தினமும் 12 மணி நேரம் பட்டினி போட்டு, பிறகு 12 மணி நேரம் உணவும் சர்க்கரை நீரும் கொடுத்தபோது அந்த எலிகள் வெறிகொண்டு குடித்தன. நிறுத்தியபோது போதைப்பொருள் விட்டவர்களைப்போல நடுங்கின. இதில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. சர்க்கரை நீர் எந்நேரமும் கிடைத்த எலிகளிடம் அந்த வெறி தோன்றவில்லை. 2016இல் இந்த ஆய்வுகளையெல்லாம் பரிசீலித்த கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள், போதை போன்ற நடத்தைக்குச் சர்க்கரையைவிடப் பட்டினியும் விட்டுவிட்டுக் கிடைப்பதுமே காரணம் என்று எழுதினார்கள். மனிதர்கள் சர்க்கரைக்கு அடிமையாகிறார்கள் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்பதும் அவர்கள் கருத்து.

மீறலுக்குப் பிறகு நம்மில் பெரும்பாலோர் செய்வது என்ன? பட்டினி. நேற்று தின்றதற்கு ஈடுகட்ட இன்று முழு நாளும் தண்ணீர் மட்டும், அல்லது இரண்டு நாள் வெறும் பட்டர் டீ. மாலைக்குள் கை நடுங்கி, இரவு பத்து மணிக்குக் குளிர்சாதனப் பெட்டியில் மிச்சமிருக்கும் இனிப்பைத் தேடிப் போகிறோம். அந்த எலிகளுக்குப் போட்ட அதே அட்டவணையை நமக்கு நாமே போட்டுக்கொள்கிறோம்.

இதைவிடப் பெரிய சேதத்தை ஓர் எண்ணம் செய்கிறது. 1975இல் பீட்டர் ஹெர்மனும் டெபோரா மேக்கும் சில மாணவிகளை, ஐஸ்கிரீமின் சுவையைப் பற்றிக் கருத்துச் சொல்ல வேண்டும் என்று அழைத்தார்கள். சிலருக்கு முதலில் மில்க்‌ஷேக் கொடுத்தார்கள், சிலருக்குக் கொடுக்கவில்லை. உணவுக் கட்டுப்பாட்டைப் பற்றிக் கவலைப்படாதவர்கள் மில்க்‌ஷேக் குடித்திருந்தால் ஐஸ்கிரீமைக் குறைத்துக்கொண்டார்கள். கட்டுப்பாட்டில் இருந்தவர்களிடம் நடந்தது நேர்மாறு. மில்க்‌ஷேக் குடித்தவர்கள் குடிக்காதவர்களைவிட அதிகமாக ஐஸ்கிரீம் சாப்பிட்டார்கள். வயிறு நிரம்பியிருக்கிறது, ஆனாலும் கை நிற்கவில்லை. இன்றைய விரதம்தான் உடைந்துவிட்டதே. பின்னர் வந்த சோதனைகளில் ஒரே உணவைக் கொடுத்து, சிலரிடம் அதில் கலோரி அதிகம் என்றும் சிலரிடம் குறைவு என்றும் சொன்னார்கள். அதிகம் என்று நம்பிய கட்டுப்பாட்டுக்காரர்களே கூடுதலாகச் சாப்பிட்டார்கள். அவர்களை அவிழ்த்துவிட்டது வயிற்றுக்குள் போன சர்க்கரை அல்ல, மீறிவிட்டோம் என்ற நம்பிக்கை.

வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஆலன் மார்லட் குடியை விட்டவர்களிடம் இதையே கண்டார். ஒரு நாள் தவறியவர்களில், "எனக்கு மன உறுதியே கிடையாது" என்று தன் குணத்தின்மேல் பழியைப் போட்டவர்கள் பழைய நிலைக்கே திரும்பினார்கள். "அன்றைக்கு அந்தச் சூழலை நான் எதிர்பார்க்கவில்லை" என்று பார்த்தவர்கள் மீண்டார்கள். வீட்டில் ஒருவர் இனிப்பு தின்றுவிட்டுக் குற்றவுணர்வோடு உட்கார்ந்திருக்கும்போது, "உன்னால் முடியாது என்று அப்போதே சொன்னேன்" என்று வீட்டாரே சொல்வதுண்டு. தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். அந்த ஒரு வாக்கியம் அவரை இன்னும் பல வாரம் கட்டுப்பாட்டுக்கு வெளியே நிறுத்திவிடும்.

ஆகவே திரும்ப வேண்டியது திங்கட்கிழமையோ ஒன்றாம் தேதியோ அல்ல, அடுத்த வேளை. காலையில் தவறியிருந்தால் மதியம் வயிறார முட்டையும் மீனும் கீரையும் சாப்பிடுங்கள். அளவைக் குறைக்க வேண்டாம். கட்டுக்கடங்காமல் உண்பவர்களுக்கான சிகிச்சையை வகுத்த ஆக்ஸ்போர்டின் கிறிஸ்டோபர் ஃபேர்பர்ன் முதலில் செய்யச் சொல்வதும் இதையே: மூன்று வேளைச் சாப்பாடு, இடையே சிறு உணவு, பகலில் நான்கு மணி நேரத்துக்கு மேல் வெறும் வயிறு வேண்டாம், ஈடுகட்டும் பட்டினி வேண்டவே வேண்டாம்.

மாவுச்சத்து நின்றதும் கல்லீரலின் கிளைகோஜன் ஏறத்தாழ ஒரு நாளில் தீரத் தொடங்கும். இன்சுலின் இறங்கும், கொழுப்பு கரைந்து வரும், கல்லீரல் அதிலிருந்து கீட்டோன்களைத் தயாரிக்கும். இரண்டிலிருந்து நான்கு நாளுக்குள் பெரும்பாலோர் கொழுப்பை எரிக்கும் பழைய நிலையை அடைவார்கள். இடைப்பட்ட நாட்களின் தலைவலி, சோர்வு, கெண்டைக்கால் பிடிப்பு ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் உப்பிழப்புதான் காரணம். இன்சுலின் இறங்கும்போது சிறுநீரகம் பிடித்துவைத்த சோடியத்தை நீரோடு வெளியேற்றுகிறது. உப்புப் போட்ட எலும்பு சூப் உதவும். ரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள் மட்டும் உப்பைக் கூட்டுமுன் மருத்துவரைக் கேட்க வேண்டும். நன்றாகத் தூங்குங்கள்: சிகாகோவில் 2004இல் நடந்த ஓர் ஆய்வில், இரண்டே இரவு நான்கு மணி நேரம் மட்டும் தூங்கிய இளைஞர்களுக்குப் பசியைத் தூண்டும் கிரெலின் கூடி, நிறைவைத் தரும் லெப்டின் குறைந்தது, இனிப்பின் மீதும் மாவுப் பண்டங்களின் மீதும் ஆசை அதிகரித்தது.

சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்கள் இந்த இடத்தை இன்னொரு முறை படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இன்சுலினோ கிளிமிபிரைடு வகை மாத்திரையோ எடுத்துக்கொண்டு, அளவைச் சரிசெய்யாமல் மாவுச்சத்தைத் திடீரென்று நிறுத்தினால் ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துபோகும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகையில் ஆபத்து வேறு விதம். சர்க்கரை அளவு ஏறக்குறைய இயல்பாகத் தெரியும்போதே ரத்தம் அமிலமாகும் கீட்டோஅசிடோசிஸ் வரலாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2015இல் இதைப் பற்றி எச்சரித்தது. வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்பு கண்டால் மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். மாதக்கணக்கில் வாரம் ஒரு முறையாவது கட்டுப்பாடிழந்து உண்கிறவர்களுக்கும் மருத்துவ உதவி தேவை. அது சிகிச்சையால் தீரக்கூடிய ஒரு கோளாறு. அவர்களுக்கு மேலும் கடுமையான டயட் கெடுதலே செய்யும்.

ஒவ்வொரு பண்டிகைக்கும் இதே கதை என்றால், 50 கிராம் என்ற எல்லை தமக்கு ஏற்றதா என்றும் யோசிக்கலாம். ஸ்டான்ஃபோர்டில் கிறிஸ்டோபர் கார்ட்னர் 609 பேரை ஓராண்டு கவனித்து 2018இல் வெளியிட்ட ஆய்வில், மாவுச்சத்தைக் குறைத்தவர்களும் கொழுப்பைக் குறைத்தவர்களும் ஏறக்குறைய ஒரே அளவு எடைதான் இழந்தார்கள்: சராசரியாக 6 கிலோவும் 5.3 கிலோவும். ஒவ்வொரு குழுவுக்குள்ளும் ஆளுக்கு ஆள் இருந்த வித்தியாசம் அதைவிட மிகப் பெரியது. தினமும் ஒரு கைப்பிடி சோற்றோடு பல வருடம் நிற்க முடிகிறவருக்கு, ஆறு மாதத்தில் உடைந்துபோகும் கடும் விரதத்தைவிட அதுவே மேல் என்பது என் கருத்து.

இனிப்பைச் சாப்பிடுவதென்று முன்கூட்டியே முடிவுசெய்தால் எப்போது சாப்பிடுவது என்பதையும் முடிவுசெய்துகொள்ளலாம். நியூயார்க்கின் வைல் கார்னெல் மருத்துவக் கல்லூரி 2015இல், சர்க்கரை நோயுள்ள 11 பேருக்கு ஒரே சாப்பாட்டை இரண்டு வரிசையில் கொடுத்துப் பார்த்தது. காய்கறியையும் கோழியையும் முதலில் சாப்பிட்டு, ரொட்டியையும் பழச்சாற்றையும் கடைசியில் எடுத்துக்கொண்ட நாளில் ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்த ரத்தச் சர்க்கரை 37 சதவீதம் குறைவு. நம் பந்தியில் இலை போட்டதும் இனிப்பை வைப்பார்கள். பலரும் அதைத்தான் முதலில் வாயில் போடுவார்கள். கூட்டு, பொரியல், அவியல் எல்லாம் முடியும் வரை அந்த ஒரு துண்டு இலை ஓரத்தில் இருக்கட்டும். கடைசியாக அதை நிதானமாக ருசித்துச் சாப்பிட்டுவிட்டு, இரவுச் சாப்பாட்டுக்கு வழக்கம்போல ஆம்லெட் போட்டுக்கொள்ளலாம்.