டூர் போகலாம்... வயிறு கெடாமல்!

அரையாண்டு லீவுக்குக் குடும்பத்தோடு கோடியக்கரை கிளம்பறீங்களா? பேஷ்! அக்டோபரிலிருந்து மார்ச் வரை வெளிநாட்டுப் பறவைகள் வந்திறங்கும் சீஸன். 1967-ல் சரணாலயமான இந்தக் காட்டில் வெளிமான்கள் துள்ளுவதைப் பார்த்தால் வாண்டுகளுக்கு வீடு திரும்பவே மனசு வராது.

அந்த ஜோரில் வயிற்றை மறந்துடாதீங்க. வழியில் ஓட்டலில் நிறுத்தினால் ஆவி பறக்கும் இட்லி, சாம்பார் போதும். எப்போதோ அரைத்த தேங்காய்ச் சட்னி வேண்டவே வேண்டாம். மதியத்துக்கு வீட்டுப் புளியோதரையும், கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரும் வேனில் இருக்கட்டும்.

மீறி குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்துட்டா? கையில் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இருந்தால் நல்லது. இல்லையென்றால், கொதித்து ஆறிய 1 லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கலந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்க. கண் குழி விழுந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ, மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ உடனே டாக்டரிடம் ஓடுங்க.

பக்கத்திலேயே வேதாரண்யம், 1930-ல் ராஜாஜி உப்பு அள்ளிய ஊர். குழந்தையின் உயிரைக் காக்கும் அதே உப்பு, கருவாட்டில் ஏறினால் பிரஷர்காரத் தாத்தாவுக்கு ஆகாது. அவர் தட்டிலும் ஒரு கண் இருக்கட்டும்!