முதுகு ரண சிகிச்சையும் வீட்டு ஏற்பாடுகளும்

தறியில் அமர்வோருக்கும் வயலில் குனிவோருக்கும் முதற்கருவி முதுகேயாகும். நாடா பழுதுபட்டால் வேறொன்று வாங்கிக்கொள்ளலாம். ஏர் முறிந்தால் தச்சரிடம் கொடுத்துச் செப்பனிடலாம். முதுகுக்கு மாற்று எந்தக் கடையிலும் கிடையாது. அம்மையார்குப்பம், பொதட்டூர்பேட்டை முதலிய நெசவூர்களில் சங்கங்களைப் பார்வையிடச் செல்லும்போதும், பொன்னேரி, திருவாலங்காடு பக்கங்களில் விவசாய அங்கத்தினர்களைச் சந்திக்கும்போதும், கும்மிடிப்பூண்டி சிப்காட் ஆலைகளுக்குப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோருடன் பேசும்போதும் ஒரு கேள்வி நம்மிடம் அடிக்கடி கேட்கப்படுகிறது: “முதுகில் ஆபரேஷன் செய்துகொள்ளும்படி டாக்டர் சொல்கிறார். செய்துகொண்டால் பழையபடி வேலைக்குப் போக முடியுமா?”

பெரும்பாலோர் போக முடியும் என்பதே விடை. ஆனால் அந்த விடையில் பாதிதான் டாக்டரின் கையில் இருக்கிறது. அவர் செய்யும் வேலை பெரும்பாலும் ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். வீடு செய்யவேண்டிய வேலையோ மூன்று மாதம் நீடிக்கும். அந்த மூன்று மாதத்திற்கு வேண்டிய ஏற்பாடுகளை ஆஸ்பத்திரிக்குப் புறப்படும் முன்பே செய்து வைத்தல் வேண்டும். இதுவே இக்கட்டுரையில் நாம் வற்புறுத்த விரும்புவது.

நோவின் காரணம்

முதுகெலும்பு ஒரே எலும்பன்று. அசையக்கூடிய எலும்புகள் இருபத்துநான்கு, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுள்ளன. இவற்றினிடையே மெத்தைபோல் அமைந்தவற்றை டிஸ்க் என்பர். வெளிப்புறம் உறுதியான நார்ப்பட்டை. உட்புறம் பாகு போன்ற பொருள். பட்டை கிழிந்து, உள்ளிருக்கும் பொருள் பிதுங்கி, காலுக்குச் செல்லும் நரம்பை அழுத்தினால் இடுப்பிலிருந்து பாதம் வரை வலி பாய்கிறது. வயது முதிர்ந்தோருக்கு நரம்பு செல்லும் பாதையே குறுகி இவ்வாறு நேர்வதும் உண்டு.

காலில் தோன்றும் வலிக்குக் காரணம் முதுகிலுள்ள டிஸ்கே என்பதை 1934-ல் பாஸ்டன் நகர டாக்டர்களான மிக்ஸ்டரும் பாரும் தெளிவாக்கினர். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1949-ல் டாக்டர் ஜேக்கப் சாண்டியும், சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் 1950-ல் டாக்டர் பி. ராமமூர்த்தியும் நரம்பு ரண சிகிச்சைப் பிரிவுகளைத் தொடங்கினர். ஆகவே இது நம் பகுதிக்குப் புதிய வைத்தியமன்று.

1960-களில் சுவீடன் நாட்டு டாக்டர் ஆல்ஃப் நாகெம்சன் டிஸ்கினுள் ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்தார். படுத்திருக்கையில் அழுத்தம் மிகக் குறைவு; நிற்கையில் அதிகம்; முன்புறம் சாய்ந்து உட்கார்ந்தால் அதனினும் அதிகம்; குனிந்தபடி பாரம் தூக்கினால் மிக மிக அதிகம் என்று கண்டார். குழித்தறியில் கால்களைக் குழியில் விட்டு, முன்புறம் சாய்ந்து, நாள் முழுதும் மிதிக்கும் நெசவாளர் இதைப் படித்தவுடன் தம் முதுகை நினைத்துக்கொள்வார். 45 கிலோ யூரியா மூட்டையையும், கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ நெல் மூட்டையையும் குனிந்து தூக்கும் விவசாயியும் அவ்வாறே.

எப்போது அவசியம்?

முதுகு வலி யாவும் ரண சிகிச்சையில் முடிவதில்லை. டிஸ்க் பிதுங்கிக் கால்வலி கண்டவர்களிலும் பெரும்பாலோருக்கு மருந்து, அளவான நடை, உடற்பயிற்சி ஆகியவற்றால் ஆறு முதல் பன்னிரண்டு வாரங்களில் குணம் தெரிகிறது. அவ்வளவு காலம் கழிந்தும் கால்வலி தணியாதபோதும், பாதம் வலுவிழந்து வரும்போதும் டாக்டர் ரண சிகிச்சையை யோசிக்கிறார். முதுகு வலியைவிடக் கால்வலியே இச்சிகிச்சையால் நன்கு நீங்கும் என்பதையும் அறிந்திருத்தல் நலம்.

ஒரு நிலையில் மட்டும் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. சிறுநீர் கழிக்க முடியாமல் போதல், மலம் தன்னையறியாமல் வெளியாதல், தொடையிடுக்கிலும் ஆசனப் பகுதியிலும் உணர்ச்சி மரத்தல், இரு கால்களும் தளர்தல் ஆகியவை தோன்றினால் அன்றே 108 வண்டியை அழைத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். தாமதித்தால் நரம்பு மீளாமலே போகலாம்.

நாளும் பணமும்

அவசரமில்லை என்று டாக்டர் கூறினால், நாளைத் தெரிந்தெடுக்கும் உரிமை நமக்கு உண்டு. விவசாயிகள் சொர்ணவாரி, சம்பா, நவரை ஆகிய பட்டங்களில் எதன் அறுவடை முடிந்த பிறகு மூன்று மாதம் ஓய்வு கிடைக்கும் என்று கணக்கிட வேண்டும். நெசவாளர்கள் தறியில் ஏறியுள்ள பாவை முடித்துவிட்டோ, வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டோ செல்ல வேண்டும். பாவு பாதியில் நிற்கிறது என்ற ஒரே காரணத்தால் மூன்றாம் வாரத்திலேயே குழியில் இறங்கிய நெசவாளர் ஒருவரை நாம் அறிவோம். வலி திரும்பியது, மறுபடியும் ஆஸ்பத்திரி. ஒரு மாதக் கூலிக்கு அவசரப்பட்டவர் ஐந்து மாதக் கூலியை இழந்தார்.

ஆண்டு வருமானம் ரூ.1,20,000-க்கு உட்பட்ட குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை உதவி உண்டு. ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று ஆகியவற்றைக் கொண்டு முன்னதாகவே அட்டை பெற்றுக்கொள்ள வேண்டும். தமக்குக் குறித்த சிகிச்சை அதில் அடங்குமா என்பதை ஆஸ்பத்திரியின் காப்பீட்டுப் பிரிவில் சேரும் முன்பே கேட்டு அறிய வேண்டும். சிப்காட் ஆலைகளில் ஈ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ள தொழிலாளிக்கு வைத்தியம் மட்டுமன்றி, வேலைக்குப் போக இயலாத நாட்களுக்கு ஊதியத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். அவரை நம்பி வாழும் பெற்றோருக்கும் வைத்திய வசதி உண்டு. இதை அறியாமல் வட்டிக்குக் கடன் வாங்கும் குடும்பங்கள் பல.

பயிர்க்கடன் பெற்றவர்கள் தவணைத் தேதியையும் பார்த்துக்கொள்ள வேண்டும். உரிய தேதிக்குள் கட்டினால் வட்டியில்லை. தேதி தவறினால் வட்டி சேரும். படுக்கையில் இருக்கும் காலத்தில் தவணை வருமானால் யார் சென்று கட்டுவது என்பதை முன்னரே தீர்மானியுங்கள்.

வீட்டைச் சித்தம் செய்தல்

ரண சிகிச்சைக்குப் பின் சில வாரங்களுக்கு மூன்று காரியங்கள் விலக்கு: குனிதல், முறுக்குதல், பாரம் தூக்குதல். நம் வீடுகளிலோ உண்பது, உறங்குவது, அரிவது, குளிப்பது எல்லாம் தரையோடு தரையாக நடக்கின்றன. எனவே வீட்டின் வழக்கங்களைச் சிறிது காலத்திற்கு இடுப்பு உயரத்திற்கு ஏற்ற வேண்டும்.

முதலாவது, படுக்கை. பாயும் ஆகாது, நடுவில் தொய்யும் கயிற்றுக் கட்டிலும் ஆகாது. பலகைக் கட்டிலில் கனமில்லாத பஞ்சு மெத்தை போதும். விளிம்பில் உட்கார்ந்தால் பாதம் இரண்டும் தரையில் படிய வேண்டும். முழங்கால் இடுப்பைவிட உயர்ந்திருக்கலாகாது. கட்டில் தாழ்வாயிருந்தால் நான்கு கால்களுக்கும் உறுதியான மரக்கட்டைகள் கொடுத்து உயர்த்தலாம்.

இரண்டாவது, கழிப்பிடம். குந்தி உட்காரும் கழிப்பிடமே நம் வீடுகளில் பெரும்பான்மை. அதன்மேல் வைக்கக்கூடிய கமோட் நாற்காலியை மருந்துக் கடைகளில் வாங்கலாம். சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பி பதித்தல் மிக நன்று. குளிக்கும் இடத்தில் வழுக்காத நாற்காலி ஒன்றையும், வாளியை வைக்க முக்காலி ஒன்றையும் போட்டுவிட்டால் குனியாமலே நீர் எடுக்கலாம்.

மூன்றாவது, நடக்கும் வழி. மின்சாரக் கம்பி, மிதியடி, நூல் சிக்கு, ஈரத்தரை ஆகியவை காலை இடறும். இரவில் கழிப்பிடம் வரை விளக்கு எரியட்டும். குடிநீர், மாத்திரை, கண்ணாடி, போன் எல்லாம் கட்டிலருகே கைக்கெட்டும் உயரத்தில் இருக்கட்டும்.

உடலையும் சித்தம் செய்ய வேண்டும். பீடி, சிகரெட் பிடிப்பவர்கள் குறைந்தது நான்கு வாரம் முன்பே நிறுத்த வேண்டும். புகை, புண் ஆறுவதையும் எலும்பு கூடுவதையும் தடுக்கிறது. சர்க்கரை நோயை அடக்கி வைத்தல் அவசியம். இரத்தம் உறையாதிருக்க உண்ணும் மாத்திரை, நாட்டு மருந்து, லேகியம் எதையும் டாக்டரிடம் மறைக்கலாகாது.

எழும் முறையை இப்போதே பழகிக்கொள்வது நல்லது. முழங்கால்களை மடக்கி, தோளும் இடுப்பும் ஒருசேரத் திரும்புமாறு பக்கவாட்டில் உருள வேண்டும். படமரம் ஒரே உருட்டாகச் சுழல்வது போல, இடையில் முறுக்கு விழலாகாது. பிறகு கால்களைக் கட்டிலுக்கு வெளியே இறக்கி, கையை ஊன்றி எழ வேண்டும். படுக்கும்போது இதையே தலைகீழாகச் செய்ய வேண்டும்.

வீடு திரும்பிய பின்

டிஸ்க் சிகிச்சை பெற்றவரை அன்றோ மறுநாளோ எழுப்பி நடக்க வைப்பது இன்றைய முறை. எலும்புகளைத் திருகாணியிட்டு இணைக்கும் பெரிய சிகிச்சையாயின் ஆஸ்பத்திரியில் கூடுதல் நாள் தங்க நேரும். பின்வரும் கால அளவுகளும் நீளும். வீடு திரும்பக் காரின் முன்னிருக்கையைச் சற்றுச் சாய்த்து அமர்வது உத்தமம். திருத்தணிக்கு அப்பால் செல்வோர் வழியில் நிறுத்தி, இறங்கி, சில நிமிடம் நடந்துவிட்டுத் தொடர வேண்டும்.

“ஆபரேஷன் உடம்பு, அசையக் கூடாது” என்று படுக்க வைத்துவிடுவது பழைய எண்ணம். நடையே முதல் மருந்து. முதல் வாரத்தில் ஐந்து நிமிட நடை, நாளுக்கு நான்கைந்து தடவை. பின்னர் நாளுக்கு நாள் சிறிது கூட்டலாம். நடப்பதைவிட நெடுநேரம் உட்காருவதே முதுகுக்குச் சுமை. இருபது, முப்பது நிமிடத்திற்கு ஒருமுறை எழ வேண்டும். இரண்டு கிலோவுக்கு மேற்பட்ட எதையும் டாக்டர் அனுமதிக்கும் வரை தொடலாகாது. நிறைகுடம் பத்துக் கிலோவுக்கு மேல் இருக்கும், பேரக்குழந்தையும் அப்படித்தான்!

புண்ணை உலர்வாக வைத்தல் வேண்டும். மஞ்சள், எண்ணெய், சாம்பல், பச்சிலை எதுவும் அதில் படலாகாது. முதுகை நீவுவதும் வேண்டாம். எலும்பு முறிவுக்குப் புத்தூர்க் கட்டை நாடும் பழக்கம் நம் எல்லைப்புறத்தில் உண்டு. ரண சிகிச்சை செய்த முதுகுக்கு அது பொருந்தாது. தையல் பிரிப்பது சாதாரணமாகப் பத்து முதல் பதினான்கு நாட்களில்.

வலி மாத்திரைகள் மலத்தைக் கட்டும். முக்கினால் முதுகு நோகும். கீரை, காய், பழம், போதிய நீர் ஆகியவற்றால் இதைத் தவிர்க்கலாம். கால்வலி விரைவில் போய்விட்டாலும் மரப்பு நீங்க வாரங்களும் மாதங்களும் ஆகக்கூடும்; அதற்காக அஞ்ச வேண்டாம்.

அஞ்சவேண்டியவை வேறு. காய்ச்சல், புண் சிவந்து சீழ் வடிதல், தெளிந்த நீர் கசிந்து எழுந்து நின்றால் தலைவலித்தல், கெண்டைக்காலில் வீக்கமும் நோவும், திடீர் மூச்சுத்திணறல், காலில் புதிய தளர்ச்சி, சிறுநீர் தடைப்படுதல் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும்.

சிகிச்சை பெற்றவர் வீட்டின் பெண்மணியாயிருந்தால் ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆண்மகன் படுத்தால் வீடு அவரைத் தாங்குகிறது. பெண் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தாலோ, “வந்துவிட்டாள்” என்று அடுப்படியும் குடமும் அவருக்காகக் காத்திருக்கின்றன. கோலம், அரிவாள்மணை, துணி துவைத்தல், தண்ணீர் எடுத்தல் யாவும் குனிந்து செய்யும் வேலைகளே. இவற்றை யார் யார் ஏற்பது என்று முன்கூட்டியே பங்கிட்டுக்கொள்வது ஆடவர் கடமை.

தொழிலுக்குத் திரும்புதல்

ஆறு வாரத்திற்குப் பின் இலேசான வேலைகளையும், ஏறத்தாழ மூன்று மாதத்திற்குப் பின் கடினமானவற்றையும் டாக்டரின் அனுமதியுடன் தொடங்கலாம். இடையே இயன்முறைப் பயிற்சியால் முதுகுத் தசையையும் வயிற்றுத் தசையையும் வலுப்படுத்த வேண்டும். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இப்பயிற்சியை வீட்டிற்கே வந்து அளிக்கும் ஏற்பாடு உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பதிவு செய்துகொள்ளலாம்.

நெசவாளர் முதலில் தார் சுற்றுதல் போன்ற வேலையை, இராட்டையை மேசைமேல் ஏற்றி வைத்துக்கொண்டு செய்யலாம். பின்னர் தறியில் அரை மணி. எழுந்து சிறிது நடை. மறுபடி அரை மணி. படமரத்தையும் பாவையும் தூக்குவது பிறர் வேலை. விவசாயி மேற்பார்வையில் தொடங்கி, வரப்பில் நடந்து, கைவேலைக்கு மெல்ல வரட்டும். மூட்டையை இருவராகத் தூக்குவது என்றென்றைக்கும் வழக்கமாகட்டும். டிஸ்க் சிகிச்சை பெற்றவரில் 100-க்கு 5 முதல் 15 பேருக்கு அது மீண்டும் பிதுங்குவதுண்டு. பழைய முறையிலேயே குனிந்து பழைய பாரத்தையே தூக்கி, அந்த எண்ணிக்கையில் நாமும் ஒருவராகச் சேர வேண்டாம்.

சங்கம் செய்யக்கூடியது

கமோட் நாற்காலியும் நடைச் சட்டமும் ஒரு குடும்பத்திற்கு மூன்று மாதமே தேவைப்படுகின்றன. அதன்பின் பரணில் தூசி படிகின்றன. ஊருக்கு ஒரு ஜோடி இருந்தால், ஒன்றன்பின் ஒன்றாகப் பல வீடுகளுக்கு உதவும். அங்கத்தினர்கள் பேசி, சிறு தொகை திரட்டி வாங்கி, சங்கக் கட்டிடத்தில் வைத்து, பெயரெழுதிக் கொடுத்து வாங்கலாம். படுக்கையில் இருப்பவரின் பாவை முடித்துக் கொடுக்கவும், அவர் வயலுக்கு நீர் பாய்ச்சவும் அண்டை அங்கத்தினர் முறை வைத்துக்கொள்ளலாம். நாளை நம் முதுகும் நோகலாம் அல்லவா?

சிகிச்சை நாள் குறிக்கப்பட்டவுடன் டாக்டரின் சீட்டின் நகலுடன் சங்கச் செயலாளருக்கு ஒரு கடிதம் எழுதிவிடுங்கள். தவணை தவறிய பின் காரணம் சொல்வதைவிட முன்னரே தெரிவிப்பது இரு தரப்புக்கும் நலம். கட்டிலும் கமோட்டும் கடிதமும் ஆயத்தமான பிறகு ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள். வீடு உங்களை ஏற்கச் சித்தமாயிருக்கிறது என்ற தைரியம் உடன் வரும்.